மேற்குத் தடம்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்கு அந்தப் பக்கம் வேடிக்க பாக்கற சோலி இல்லீங்க. மலையென்ன, மரமென்ன, முப்பது வருசமாப் பாத்ததுதான். பைய மேல வெச்சுருங்க, விழாது. விழுந்தாலும் கண்டக்டர் மண்டையிலதான் விழும். விழட்டும். சில்லற கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறான்.

பேங்க்குங்களா? ஆனைச்சோலைக்கு மாத்தல் போட்டுட்டாங்களா? பாவமுங்க. என்ன தப்பு பண்ணுனீங்க? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. குளிரும், அட்டக்கடிக்குக் கால்ல உப்புத் தேச்சுக்கோணும். போன் மட்டும் நல்லா எடுக்கும். ஏன் எடுக்குதுன்னு அங்க ஆரக் கேட்டாலும் ஒருத்தி பேரச் சொல்லுவாங்க. செண்பகவல்லி. டாக்டர் செண்பகவல்லி. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, கணக்கு டாக்டர். கோயில்பட்டிக்காரி. அந்தப் பேர எங்கிட்ட ஆரும் சொல்லப்படாது. நானே சொல்லிக்கறேன், அது வேற.

நானுங்களா? மக வூட்டுக்குப் போறனுங்க. நாளைக்கு என்ற சம்சாரத்துக்கு வருச தெவசம். மக வூட்டுலதான் வெச்சுக் கும்பிடறாங்களாம். கூப்புட்டாளான்னா, கூப்புடலீங்க. பங்காளி ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். நானும் போன் போட்டுப் பாத்தேன், எடுக்க மாட்டேங்குது. லைன் சரியில்ல. ஒரு வருசமாவே சரியில்ல. இப்பத்தான நல்லா எடுக்கும்னு சொன்னேங்கறீங்களா? மத்தவங்களுக்கு எடுக்கும். எனக்கு எடுக்காது. எல்லாம் அந்தப் பொம்பள பண்ணுன வேல. சொன்னா நம்ப மாட்டீங்க. பஸ்ஸு மேல ஏற ரெண்டு மணி நேரமாகும், கேளுங்க.

எம்பேரு நஞ்சப்பன். டெலிபோன் கம்பெனில பிளானிங். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, அவங்களும் எம்பேரச் சொல்றதில்ல, நானும் அவங்க பேரச் சொல்றதில்ல. பொள்ளாச்சிக்குத் தெக்கால இருக்கற அத்தன ஊருக்கும், மலைக்கு மேல இருக்கற ஊருக்கும் கேபிள் எந்த வழியாப் போகோணும்னு கோடு போட்டவன் நான். கம்ப்யூட்டர்ல இல்லீங்க, பென்சில்ல. நான் போட்ட கோட்ட மாத்தி ஒருத்தனும் குழி தோண்டுனதில்ல. அப்புடி இருந்த ஆபீசுங்க அது.

அங்க ஒரு புது மேனேஜர் வந்தான். கேபிளு அடிக்கடி அறுந்து போகுதாம், ஊருக்கு ஊரு ஊமையாகிப் போகுதாம், அறுந்தாலும் பேச்சு நிக்காத மாதிரி நெட்வொர்க் போடோணுமாம், அதுக்குக் கணக்குல வழி இருக்குதாம். கோயமுத்தூர்ல ஒரு காலேஜுல இருந்து அந்தம்மாவக் கூட்டியாந்து எம்மேசைக்கு எதுத்தாப்புல உக்கார வெச்சான். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லி. ஒரு குழி தோண்டிப் பாத்திருக்காது. கேபிளு கறுப்பா சிவப்பான்னு தெரியாது. தெரியாதுன்னு அதுவே சொல்லுச்சு, வெக்கமில்லாம! "நீங்கதான் சார் சொல்லித் தரணும்"னு ஒரு சிரிப்பு வேற. எனக்கு அன்னைக்கே பத்திகிட்டு வந்துருச்சு.

அந்தக் கணக்கு என்னன்னு சொல்றேன், நீங்களும் கணக்குப் பாக்கறவருதான. ஊருக்கு ஒரு புள்ளி. எங்கெங்க கேபிளு போட முடியுமோ அங்கெல்லாம் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் போடறதா வேண்டாமான்னு ரெண்டே பதில். அப்புறம் ஒரு நிபந்தன. எந்தக் கோட்ட வேணும்னாலும் ஒண்ண வெட்டிப் பாரு, எந்த ஊரும் தனியா நிக்கப்படாது, ஒவ்வொரு ஊருக்கும் இன்னொரு வழி இருக்கோணும். அந்த நிபந்தனைக்குள்ளார நிக்கற பிளானுகள்ல எது ரொம்பக் கொறஞ்ச செலவுன்னு கம்ப்யூட்டரு தேடிக் குடுக்கும். அவ்வளவுதான். இதுக்கு ஒரு டாக்டர் பட்டம்!

நான் மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். "ஏனம்மா, அறுந்தா என்ன பண்றதுங்கறதையே ரோசன பண்றீங்களே, அறுந்து போகாத மாதிரி நல்லதா ஒண்ணு போட்டா ஆகாதா? எனக்கு ஒரே சம்சாரம், ஒரே மக, ஒரே வண்டி. ஒண்ணும் கெட்டுப் போகல"ன்னேன். ஆபீசே சிரிச்சுது. அந்தம்மாவும் சிரிச்சுது. சிரிச்சுப்போட்டு, "கெடாத வரைக்கும் சரிதான் சார்"னுச்சு. பாத்தீங்களா, எப்புடி வாயி?

நான் சொன்னது பொய்யில்லீங்க. என்ற வூட்டுல எல்லாமே சுலோச்சனா வழிதான். சுலோச்சனா என்ற சம்சாரம். மக கௌசிகா எஸ்டேட்டுல வேல பாக்கற ஒரு பையனக் கட்டிக்குவேன்னு நின்னா. ஜெபராஜ்னு பேரு, நம்ம சாதியில்ல, சாமியும் வேற. கல்யாணத்துக்கு நான் போகல. அதுக்காக மகள அத்து விட்டுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சுலோச்சனாகிட்ட, "உன்ற மக எப்புடி இருக்காளாம் கேளு"ம்பேன். அவ போன்ல கேப்பா. பதில அவளே எங்கிட்ட சொல்லுவா. மக மாசமா இருக்கறதும் அப்புடித்தான் தெரியும். பேத்தி பொறந்ததும் அப்புடித்தான். நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு? ஒரு வழி போதாதுங்களா மனுசனுக்கு?

சரி, அத விடுங்க. அந்தம்மா படத்தப் பாத்துது. எல்லா ஊருக்கும் ரெண்டு வழி வந்துருச்சு, ஆனைச்சோலைக்கு மட்டும் வரல. மலைக்கு ஏற இந்த ஒரு ரோடுதான், இந்த ஒரு கேபிளுதான். "சார், இந்த ரோடு போச்சுன்னா?"ன்னு கேட்டுச்சு, மீட்டிங்குல, மேனேஜருக்கு முன்னாடி. முப்பது வருசத்துல போகல, இனியும் போகாதுன்னேன். "மழைக்கு அது தெரியுமா சார்?"ங்குது. ஒரு பெரிய மனுசங்கிட்ட பேசற பேச்சா இது?

பிறகு கம்ப்யூட்டர் ஒரு பிளானக் குடுத்துச்சு. பாத்தா வவுறு எரியுது. ஆனைச்சோலைக்கு அக்கட்டால காட்டுக்குள்ளார பூந்து, கேரளாப் பக்கம் எறங்கி, சுத்திகிட்டு வந்து பாலக்காட்டுல சேருது ரெண்டாவது கேபிளு! பைத்தியக்காரன் கூட அப்புடிக் கோடு போட மாட்டான். வனத்துறை அனுமதி வாங்கோணும், ரெண்டு வாங்கோணும், இந்த ஸ்டேட்டு ஒண்ணு அந்த ஸ்டேட்டு ஒண்ணு. ஆர் அலையறது? நாந்தான் அலையோணும். கணக்குக்கு யானையத் தெரியுமா? கணக்குக்கு ரேஞ்சர் ஆபீசு பெஞ்சுல உக்காந்து உக்காந்து வர்ற முதுகுவலி தெரியுமா?

அப்பத்தான் நான் ஒரு வேல பண்ணுனேன். எந்தக் கோட்டுக்கு என்ன செலவாகும்னு நாங்கதான கம்ப்யூட்டருக்குச் சொல்லோணும்? காட்டு வழிக்கு ஆகறத விட இருபது மடங்கு போட்டுக் குடுத்தேன். அதப் பாத்தா எந்தக் கம்ப்யூட்டரும் ஓடிப்போகோணும். ஓடலீங்க! திரும்பவும் அதே காட்டு வழியத்தான் எடுத்துது. "வேற வழியே இல்லன்னா என்ன வெல வெச்சாலும் அது வாங்கத்தான் சார் செய்யும்"னுச்சு அந்தம்மா. மேனேஜர் வேற, "ஏன் நஞ்சப்பன், செலவு கூடுதலாத் தெரியுதே"ங்கறான்.

சரி, உனக்கு வேற வழிதான வேணும், தர்றேன்னேன். மலை ரோட்டுல கேபிளு கெழக்கு ஓரமாப் போகுதுங்களா? மேற்கு ஓரம் சும்மாத்தான கெடக்குது? அதுக்கு ஒரு கோடு. பழசுக்குக் 'கெழக்குத் தடம்'னு பேரு வெச்சேன், புதுசுக்கு 'மேற்குத் தடம்'. அக்கட்டால ஒண்ணு, இக்கட்டால ஒண்ணு. செலவும் கொறச்சல், அனுமதியும் வேண்டியதில்ல. குடுத்த ஒடனே கம்ப்யூட்டரு காட்டு வழிய விட்டுப்போட்டு இதப் புடிச்சுக்கிச்சு. ஒரே நிமிசத்துல! நேத்து வரைக்கும் அதுதான் ஒசத்தின்னது, இன்னைக்கு இதுதான் ஒசத்திங்குது. அதுக்கு ஒரு நெலையான புத்தி இருக்குதுங்களா? இத நம்பி ஊருக்கு லைன் குடுக்கறாங்க!

அந்தம்மா எங்கிட்ட வந்து நின்னு கேட்டுச்சு. "சார், இந்த ரெண்டு தடமும் எங்கயாவது ஒண்ணாச் சேருதா?" எங்கயும் சேரல, தனித்தனின்னேன். பொய்யாங்க? நடுவுல இருவதடி தார் ரோடு கெடக்குது. ஒண்ணு மேல ஒண்ணு முட்டாது. "நேர்ல போய்ப் பாக்கலாமா?"ன்னுச்சு. ஏனம்மா, முப்பது வருசம் இந்த மலையில ஏறி எறங்குனவன் சொல்றேன், எம்மேல நம்பிக்க இல்லியான்னேன். சத்தம் கொஞ்சம் பெருசாத்தான் போட்டேன். தலையக் குனிஞ்சுகிட்டுப் போயிருச்சு. கணக்கு முடிஞ்சுது, எல்லா ஊருக்கும் ரெண்டு வழின்னு பேப்பர் வந்துது, மேனேஜர் ஆபீசுக்கே ஜாங்கிரி வாங்கிக் குடுத்தான். நானும் ரெண்டு தின்னேன்.

போன வருசம் ஆனி மாச மழ. சுலோச்சனா பேத்தியப் பாக்க மேல போயிருந்தா. பழனிக்குப் போறேன்னு எங்கிட்ட பொய் சொல்லிப்போட்டுத்தான் போனா. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகிட்டேன். பஸ் ஸ்டாண்டுல நாந்தான் எறக்கி விட்டேன், பழனி பஸ்ஸு நிக்கற எடத்துக்கு அவ போகலங்கறதப் பாத்துகிட்டேதான் வண்டியத் திருப்புனேன்.

ஒம்பதாவது கொண்ட ஊசி வளைவுல மலை சரிஞ்சுது. ஆமாங்க, இந்த ரோட்டுலதான், இன்னும் கொஞ்சம் மேல. கெழக்கு ஓரம், மேற்கு ஓரம், நடுவுல தார், எல்லாம் மொத்தமா வழிச்சுகிட்டுப் பள்ளத்துக்குப் போயிருச்சு. எந்தக் கம்பெனி போனும் மேல எடுக்கல, எல்லாரும் எங்க கேபிளத்தான வாடகைக்கு எடுத்திருந்தாங்க. மேல டவரெல்லாம் நின்னுகிட்டுத்தான் இருந்துச்சு. நின்னு என்ன பண்றது? பக்கத்து எஸ்டேட்டுக்குப் பேசறதுன்னாலும் கீழ வந்துதானுங்க மறுபடி மேல போகோணும்.

ஆபீசுல எல்லாரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துகிட்டு நிக்கறாங்க. நாந்தான் ஆளக் கூட்டிகிட்டு ஜீப்ப எடுத்துகிட்டு ஓடுனேன். அந்தக் கணக்கு டாக்டர் வந்துதான்னு கேளுங்க. வரல. நான் மழையில நனஞ்சுகிட்டு நிக்கறேன், தண்ணி எரைச்சல் காத அடைக்குது. எதுத்தாப்புல, சரிவுக்கு அக்கட்டால, ஒரு ஆளு வந்து நின்னு கைய ஆட்டறான். கத்தறான். பாத்தா அந்த ஜெபராஜ். "மாமா"ங்கறான். அதுவரைக்கும் அவன் என்னய மாமான்னு கூப்புட்டதில்ல, நான் கூப்புட விட்டாத்தான? "மாமா, அத்தைக்கு"ங்கறான், மீதிய எரைச்சல் தின்னுருச்சு.

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. நாலு ஊரு ஊமையாக் கெடக்குது, எங்கூட இருக்கறவனெல்லாம் பாக்கறான், இவன் ஒறவு கொண்டாட வந்துட்டான்! "வேலையா இருக்கறேன், லைன் வந்ததும் போன்ல பேசு"ன்னு கத்திப்போட்டுத் திரும்பிகிட்டேன். அவன் கத்திகிட்டே இருந்தான். நான் திரும்பல. எனக்கு எப்புடிங்க தெரியும்? சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குமா?

மாரு வலிச்சிருக்குது சுலோச்சனாவுக்கு. எஸ்டேட் ஆஸ்பத்திரி வண்டிக்குக் கௌசிகா போன் போட்டிருக்கா, போட்டிருக்கா, போட்டுகிட்டே இருந்திருக்கா. எடுக்கல. கைப்புள்ளைய இடுப்புல வெச்சுகிட்டு மழையில ஓடி, ஆளக் கூப்புட்டு, வண்டி வர்றதுக்குள்ளார முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருங்க எல்லாருக்கும் அதத்தானுங்க சொல்றாங்க. அது ஒரு பேச்சு.

ரோட்ட ஒதுக்கி, சேதி தெரிஞ்சு நான் போய்ச் சேர்றப்ப எடுத்துட்டாங்க. எரிச்சும் முடிச்சுட்டாங்க. வாசல்ல கௌசிகா நின்னா. அழுவான்னு பாத்தேன். அழல. "அப்பா, ரெண்டாவது கேபிளு போட்டீங்கன்னு அம்மா சொல்லுச்சே, அது எங்க போச்சு?"ன்னா. ரெண்டாவது கேபிளப் பத்தி சுலோச்சனாகிட்ட நான் பெருமையாச் சொல்லியிருந்தேன், அவ அத மககிட்ட சொல்லியிருக்கா. "மேற்குத் தடத்துலதான் போட்டது, அம்மணி"ன்னேன். அவ உள்ள போய்க் கதவச் சாத்திகிட்டா. அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் அவ்வளவுதான்.

விசாரண வெச்சாங்க. அந்தம்மாவ வரச் சொன்னாங்க. நான் கேட்டேன், "உங்க கம்ப்யூட்டர் ரெண்டு வழின்னு சொல்லுச்சா இல்லியா? சொல்லுச்சு! உங்க கையெழுத்து இருக்குதா இல்லியா? இருக்குது! அப்ப ஆரு தப்பு?"ன்னேன். அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "கணக்குக்கு நீங்க சொன்னது மட்டும்தான் சார் தெரியும். நான் நேர்ல போய்ப் பாத்திருக்கணும், பாக்கல. அது என் தப்பு"ன்னுச்சு. பாத்தீங்களா, அதுவே ஒத்துகிச்சு! நான் ஒத்துகிட்டனா? ஒத்துக்க என்கிட்ட என்ன இருக்குது? ஆனா என்னயத் தூக்கி ஸ்டோர் ரூமுல போட்டாங்க, கேபிள் உருளைய எண்ணிகிட்டு உக்காருன்னு. அந்தம்மாகிட்டக் காட்டு வழியக் குடுத்தாங்க. ரெண்டு ஸ்டேட்டு அனுமதியும் அதுவே அலைஞ்சு வாங்குச்சாம். அலையட்டும், முதுகுவலி வரட்டும்.

கொடுமையக் கேளுங்க. கேபிளு போடறப்ப அந்தம்மா ஆனைச்சோலையில தங்குனது ஆரு வூட்டுலங்கறீங்க? என்ற மக வூட்டுல! ஒரு மாசம்! என்ற பேத்தியத் தூக்கி வெச்சிருக்கற போட்டோவ பங்காளி பையன் காட்டுனான். நான் இன்னும் அந்தக் கொழந்தையக் கண்ணால பாக்கல, அவ மடியில வெச்சுகிட்டு உக்காந்திருக்கா. ஒரு மாசம் பக்கத்துல உக்காந்து என்னென்ன ஓதியிருப்பா? அதுக்கப்புறம் கௌசிகா எங்கிட்டப் பேசுவாளா? அதுக்கு முந்தியும் பேசலதான். அது துக்கத்துல பேசல. இது வேற.

இதா, வளைவு வந்துருச்சுங்களா? எத்தனாவது? நீங்க பாருங்க, நான் பாக்கல. செவுரு கட்டியிருப்பாங்க. கட்டியிருக்குதுங்களா? எம்புட்டு ஒசரம்? சரி, சரி, போதும், சொல்ல வேண்டாம்.

ஏனுங்க, உங்க போனச் சித்தக் குடுக்கறீங்களா? என்ற நம்பர்ல போட்டா எடுக்காதுங்க, அதான் சொன்னேனே, லைன் கோளாறு. உங்க நம்பர்ல போனாப் போகும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஆராவது கூட்டிகிட்டுப் போனாத் தேவலைன்னுதான். இல்லாட்டி நானாப் போய்க் கதவத் தட்டுனா, தொறக்கலைன்னா என்ன பண்றது? பெரிய மனுசன், கையில பழத்த வெச்சுகிட்டு வாசல்ல நிக்க முடியுங்களா? நம்பர் சொல்றேன், நீங்களே போடுங்க. பேசறதுக்கு நீங்க வேண்டாம், அடிச்சதும் எங்கிட்டக் குடுங்க.

அடிக்குதுங்களா? குடுங்க, குடுங்க.

ஹலோ... அம்மணி? நாந்தான் அம்மணி. அப்பா. பஸ்ஸுல வந்துகிட்டிருக்கறேன். ஆரோ போன்... புள்ள அழுகற சத்தம் கேக்குது, அது பாப்பாங்களா? அம்மணி? அம்மணி, கேக்குதா?

கட்டாயிருச்சுங்க.

பாத்தீங்களா? நீங்களே சாட்சி! காட்டுக்குள்ளார கொண்டுபோய்க் கேபிளப் போட்டா இப்புடித்தான். மரம் விழுந்திருக்கும், யானை மிதிச்சிருக்கும். என்னமோ ரெண்டு வழி, ரெண்டு வழின்னு ஊரே அவளத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. என்னங்க? போன்ல சிக்னல் நாலு கோடும் முழுசா இருக்குதுங்களா? அது சும்மா காட்டறதுங்க. அந்தக் கோட்டயெல்லாம் நம்பப்படாது. முப்பது வருசம் பிளானிங்ல இருந்தவன் சொல்றேன். என்ன பாக்கறீங்க? லைன்தானுங்க போயிருச்சு. இன்னொருக்கா போடுங்க.